500-க்கு எவ்வளவு?

பிளஸ் ஒன் படிக்கும் என் மகனின் நண்பர்கள் கேட்டுக்கு வெளியிலேயே, சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி பேசிவிட்டுப் போவார்கள். உள்ளே கூப்பிட்டால், "பரவாயில்ல ஆன்ட்டி."

காரணம் கேட்டேன். "நீதான் பார்த்தவுடனே பத்தாவதுல 500-க்கு எவ்வளவுன்னு கேக்குறியே" என்றான். சுருக்கென்றது. அந்தப் பிள்ளைகளிடம் நான் வேறெதுவும் கேட்டதில்லைதான்.

மார்க் பேச்சை விட்டேன். மொட்டை மாடிச் சாவியை அவனிடமே கொடுத்தேன். ஆளுக்கொரு தட்டு என்ற உபசாரம் வேண்டாமென்று, ஒரே தாம்பாளத்தில் நல்லெண்ணெயும் பொடியும் பிரட்டிய குட்டி இட்லிகளை வைத்துவிட்டு உடனே இறங்கிவிடுவேன். (இறங்குவதுதான் கஷ்டம். காது மாடியிலேயே நிற்கும்.)

மூன்றாவது வாரம் ஒருவன் சமையலறைக்கே வந்து, "ஆன்ட்டி, பொடி இன்னும் இருக்கா?" என்றான். கூடவே கெமிஸ்ட்ரி மார்க்கையும் சொன்னான், நான் கேட்காமலே.