போன் வழியாக இருந்த லேப்டாப்பைப் போர்ட் மாற்றினால் நெட் வரவில்லையா? சிஸ்கோ ஸ்விட்ச்சில் மேக் மூவ்

அலுவலகத்தில் 802.1எக்ஸ் (செருகுபவர் யார் என்று ஸ்விட்ச் போர்ட்டிலேயே சரிபார்த்து உள்ளே விடும் முறை) போட்டதும் வரும் புகார் இது: "என் சீட்டில் நெட் வருகிறது, அதே லேப்டாப்பை மீட்டிங் ரூமில் போட்டால் வரவில்லை." கேபிளைச் சந்தேகப்படும் முன், சீட்டில் லேப்டாப் ஐபி போனின் பின்னால் இருந்ததா என்று கேளுங்கள்.

ஸ்விட்ச்சில் நேரடியாகச் செருகியிருந்தால், கேபிளைப் பிடுங்கியதும் லிங்க் டவுன் ஆகும், செஷனும் (அந்தக் கருவியை உள்ளே விட்டதாக ஸ்விட்ச் வைத்திருக்கும் பதிவும்) அழியும். நடுவில் போன் இருந்தால் போர்ட் அப்படியே அப்பில் இருக்கும். லேப்டாப் கிளம்பியதே ஸ்விட்ச்சுக்குத் தெரியாமல் போகலாம். அதே மேக் முகவரி (லேப்டாப்பின் நெட்வொர்க் அடையாள எண்) அதே ஸ்விட்ச்சின் இன்னொரு 802.1எக்ஸ் போர்ட்டில் தலைகாட்டினால், பழைய ஐஓஎஸ் (சிஸ்கோ ஸ்விட்ச்சின் மென்பொருள்) அதைப் பாதுகாப்பு மீறலாக எடுத்துத் தடுத்துவிடும்.

படி 1: முதலில் பழைய செஷன் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஷோ அதென்டிகேஷன் செஷன்ஸ்

லேப்டாப்பின் முகவரி இன்னும் பழைய போர்ட்டுக்கு நேராகவே நின்றால், பிரச்சினை இதுதான்.

படி 2: மேக் மூவை, அதாவது ஒரே மேக் முகவரி வேறு போர்ட்டுக்கு மாறுவதை, அனுமதிக்க குளோபல் கான்ஃபிக்கில் (முழு ஸ்விட்ச்சுக்குமான அமைப்பில்) ஒரே வரி.

கான்ஃபிகர் டெர்மினல்
அதென்டிகேஷன் மேக்-மூவ் பெர்மிட்
எண்ட்

புதிய ஐபிஎன்எஸ் 2.0 (சிஸ்கோவின் புதிய அங்கீகாரக் கட்டளை முறை) பாணியில் இது தேவையில்லை, அங்கே இயல்பிலேயே அனுமதி உண்டு. யாராவது 'ஆக்சஸ்-செஷன் மேக்-மூவ் டினை' என்று போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

படி 3: லேப்டாப்பை மறுபடி போனில் செருகி, பிறகு புதிய போர்ட்டுக்கு மாற்றி, படி 1 கட்டளையை மீண்டும் கொடுங்கள். முகவரி இப்போது புதிய போர்ட்டில் மட்டும் இருக்க வேண்டும். 'ஷோ லாகிங்' கொடுத்தால் மேக்மூவ் என்ற செய்தியில் எந்தப் போர்ட்டிலிருந்து எதற்குப் போனது என்று தெரியும். சரியாக இருந்தால் கான்ஃபிக்கைச் சேமித்துவிடுங்கள்.

இதனால் பாதுகாப்பு தளர்ந்துவிடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். பழைய செஷன் அழிந்து, புதிய போர்ட்டில் முழு அங்கீகாரமும் முதலிலிருந்து நடக்கிறது. ரேடியஸ் சர்வர் (பயனரைச் சரிபார்க்கும் சர்வர்) சரி என்றால்தான் உள்ளே விடும். அதனால் 802.1எக்ஸ் பயனர்களுக்கு இதைத் தைரியமாகப் போடலாம். மேப் (MAB) முறையில் மேக் முகவரியை மட்டும் நம்பி உள்ளே விடும் பிரிண்டர், கேமரா விஷயம் வேறு. அந்த முகவரியைக் காப்பியடித்து ஒருவர் இன்னொரு போர்ட்டில் வந்தால், உண்மையான பிரிண்டரின் செஷன் போய்விடும். அவற்றுக்குக் குறைந்த அனுமதியுள்ள விலேனே (தனியாகப் பிரித்த நெட்வொர்க் பகுதியே) போதும்.

படி 4: போன் போர்ட்டில் செத்த செஷன்கள் தங்காமலிருக்க, அந்த இன்டர்ஃபேஸில்:

அதென்டிகேஷன் டைமர் இனாக்டிவிட்டி 300

300 விநாடி சத்தமில்லாமல் இருந்தால் செஷன் நீங்கும். நெடுநேரம் பேசாமல் கிடக்கும் பிரிண்டர் போர்ட்டில் இதைப் போடாதீர்கள், அது அடிக்கடி துண்டாகும்.

அப்புறம், போர்ட் செக்யூரிட்டி (ஒரு போர்ட்டில் எந்த மேக் முகவரிகள் வரலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி) இயக்கிய 802.1எக்ஸ் போர்ட்டில் மேக் மூவ் வேலை செய்யாது. எல்லாம் சரியாக இருந்தும் மீறல் செய்தி வந்துகொண்டே இருந்தால், 'ஸ்விட்ச்போர்ட் போர்ட்-செக்யூரிட்டி' வரி அங்கே இருக்கிறதா என்று தேடுங்கள்.