வளைஞ்ச ரெசின் பார்ட்டுக்கு சுடுதண்ணி போதும்

ஒட்டிச் செய்யற ஏரோபிளேன் மாடல் கிட்டுக்குத் தனியா வாங்குற ரெசின் பார்ட் (அச்சுல வார்த்த பிளாஸ்டிக் பீஸ்) வளைஞ்சு வந்தா தூக்கிப் போடாதீங்க, கொதிக்க வச்சு இறக்குன தண்ணில அரை நிமிஷம் போட்டு எடுத்து, கண்ணாடி மேல வச்சு நேரா அமுக்கி, புடிச்ச புடியோட பச்சத்தண்ணில முக்கிடுங்க. பாலியூரித்தேன் ரெசின் சூட்டுல இளகும், ஆறுனா அந்த ஷேப்லயே நின்னுடும். ஊட்டி 2200 மீட்டருக்கு மேலங்கறதால இங்க தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சுடும், ஆனா இதுக்கு அதுவே தாராளம், டிசம்பர் குழாத்தண்ணி பத்தி சொல்லவே வேணாம், பார்ட்டுக்கு முன்னாடி நம்ம விரல் விறைச்சுடும். ஃபிளாப் (றெக்கை பின்னாடி மடங்குற பலகை), வீல் கதவு மாதிரி மெல்லிசான பீஸுக்குத்தான் இது நல்லா எடுபடும். பித்தளை போட்டோ எட்ச் (அரிச்சு வெட்டுன மெல்லிசு தகடு), ஒயிட் மெட்டல்ல வார்த்த கியர் லெக் (வீல் மாட்டுற கால்) எல்லாம் உலோகம், அதுக்கு இது ஆகாது, 3டி பிரிண்ட் பார்ட்டுன்னா சிலது அமுக்குறப்பவே படக்குன்னு உடைஞ்சுடும்.