ஐம்பது வயதைத் தொடும் அமெரிக்க ஒன்றிய அரசு ஊழியர் த்ரிஃப்ட் திட்டத்தில் கூடுதலாகச் சேமிப்பது எப்படி?

அமெரிக்க ஒன்றிய அரசு ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பான த்ரிஃப்ட் சேவிங்ஸ் பிளானில், ஓராண்டில் சம்பளத்திலிருந்து எவ்வளவு செலுத்தலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. 2026ஆம் ஆண்டுக்கு அது 24,500 டாலர். ஐம்பது வயதை எட்டியவர்கள் இதற்கு மேல் இன்னும் 8,000 டாலர் செலுத்தலாம் என்பதுதான் ‘கேட்ச்-அப்’ சலுகை. வேறு நாட்டிலிருந்து குடியேறி, நாற்பதைக் கடந்தபின் அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு இது வெறும் சலுகை அல்ல, விட்டுப்போன ஆண்டுகளை ஓரளவேனும் ஈடுகட்டும் வழி.

தகுதிக்காகப் பிறந்தநாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. டிசம்பர் 31 அன்று ஐம்பது நிறைபவரும் அந்த ஆண்டின் ஜனவரி முதலே தகுதி பெறுகிறார். 60, 61, 62, 63 வயது நிறையும் ஆண்டுகளில், ஓய்வுக்காலச் சேமிப்பு விதிகளைத் திருத்திய செக்யூர் 2.0 சட்டத்தின்படி, 8,000-க்குப் பதிலாக 11,250 டாலர் செலுத்தலாம். ஆண்டின் இறுதியில் என்ன வயது என்பதே கணக்கு. ஆகவே இன்று 63 வயதானவருக்கு இந்த டிசம்பருக்குள் 64 நிறையுமானால், அவருக்கு வழக்கமான 8,000 மட்டுமே.

முன்பு இதற்கெனத் தனிப் படிவம் கொடுக்க வேண்டியிருந்தது. 2021 முதல் அந்த முறை இல்லை. வழக்கமான பிடித்தம் 24,500-ஐத் தொட்டதும், அதற்கு மேல் பிடிக்கப்படுவது தானாகவே கேட்ச்-அப் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. எனவே ஊழியர் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு வகுத்தல் கணக்குதான். 24,500-உம் 8,000-உம் சேர்ந்து 32,500. ஆண்டுக்கு 26 சம்பள நாள்கள் என்றால், ஒவ்வொரு சம்பளத்திலும் 1,250 டாலர். அறுபது முதல் அறுபத்து மூன்று வயதுக்காரருக்கு மொத்தம் 35,750, அதாவது ஒவ்வொரு முறையும் 1,375 டாலர். ஆண்டின் நடுவில் தொடங்குபவர், இதுவரை செலுத்தியதைக் கழித்து, மீதியை எஞ்சிய சம்பள நாள்களால் வகுக்க வேண்டும். விழுக்காடாகக் கொடுக்காமல் டாலர் தொகையாகக் கொடுப்பதே நல்லது. ஊதிய உயர்வு வந்தாலும் கணக்கு குலையாது.

சீக்கிரமே செலுத்தி முடித்துவிடலாம் என்ற அவசரம்தான் பலருக்கு நட்டத்தைத் தருகிறது. ஃபெர்ஸ் ஓய்வூதிய முறையில் உள்ள ஊழியர் தம் ஊதியத்தில் 5 விழுக்காடு செலுத்தினால், தானாக வரும் 1 விழுக்காடு போக, அரசு 4 விழுக்காட்டை ஈடாகப் போடுகிறது. ஆனால் அந்த ஈடு, ஊழியரின் பிடித்தம் நடக்கும் சம்பளங்களுக்கு மட்டுமே உண்டு. இரு வாரத்துக்கு 4,000 டாலர் ஊதியம் பெறும் 52 வயதுக்காரர் ஒருவர் ஒவ்வொரு முறையும் 1,500 டாலர் செலுத்துகிறார் என்று கொள்வோம். 22ஆவது சம்பளத்திலேயே 32,500 நிரம்பிவிடும். எஞ்சிய நான்கு சம்பளங்களில் பிடித்தம் இல்லாததால், முறைக்கு 160 வீதம் 640 டாலர் அரசுப் பணத்தை அவர் இழக்கிறார். கடைசிச் சம்பளம் வரை பிடித்தம் நீளுமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

தொகையை மாற்றுவது த்ரிஃப்ட் திட்டத்தின் இணையதளத்தில் அல்ல. எம்ப்ளாயி எக்ஸ்பிரஸ், மைபே போன்று உங்கள் துறை பயன்படுத்தும் சம்பளத் தளத்தில்தான் அதைச் செய்ய வேண்டும். காசோலை அனுப்பிக் கட்டவும் வழியில்லை. வேலை செய்த நாள் எந்த ஆண்டில் வருகிறது என்பது பொருட்டல்ல, சம்பளம் வழங்கப்படும் நாளே வரம்புக்குக் கணக்கில் வரும் என்பதால், ஜனவரியின் முதல் சம்பளத்திலேயே புதிய தொகை பிடிக்கப்பட வேண்டுமானால், மாற்றத்தை டிசம்பரிலேயே பதிந்துவிட வேண்டியிருக்கும்.

2026 முதல் ஒரு புதிய நிபந்தனையும் வந்திருக்கிறது. முந்தைய ஆண்டில் சோஷியல் செக்யூரிட்டி வரிக்குட்பட்ட ஊதியம் 150,000 டாலரைத் தாண்டியிருந்தால், கேட்ச்-அப் தொகையை ரோத் முறையில், அதாவது வரி கட்டிய பணமாகவே, செலுத்த வேண்டும். ஆண்டு ஊதியத்தையும் வரிப் பிடித்தத்தையும் காட்டும் டபிள்யூ-2 படிவத்தின் 3ஆம் கட்டத்தில் அந்த ஊதியத் தொகை இருக்கும். 24 விழுக்காட்டு வரி அடுக்கில் உள்ளவர் 8,000 டாலரை, வரி கட்டும் முன்பே செலுத்தும் பழைய முறையில் போட்டிருந்தால் அந்த ஆண்டே 1,920 டாலர் ஒன்றிய வரி மிச்சமாகியிருக்கும். ரோத்தில் அது கிடைக்காது, கைக்கு வரும் சம்பளமும் அந்த அளவு குறையும். மாறாக, முதல் ரோத் பங்களிப்பு செய்த ஆண்டின் ஜனவரி 1 முதல் ஐந்தாண்டு கழிந்து, 59½ வயதும் கடந்திருந்தால், எடுக்கும்போது ஈட்டத்துக்கும் வரி இல்லை. ஓய்வுக்குப் பின்னும் கணிசமான வருமானம் வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த நிபந்தனையைக் கண்டு வருந்தத் தேவையில்லை என்பேன்.

அதே ஆண்டில் தனியார் நிறுவனத்தின் 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்திலும் பணம் போட்டிருந்தால், இரண்டுக்கும் சேர்த்தே ஒரே வரம்பு. அரசின் சம்பளப் பிரிவுக்கு அந்த மற்றக் கணக்கு தெரியாது. ஆகவே வகுப்பதற்கு முன் அத்தொகையையும் நீங்களே கழித்துக்கொள்ள வேண்டும்.