மலையில் பிக்கப்பை ரிவர்ஸ் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் ஓடுகிற பிக்கப்களைப் பின்னாலிருந்து பாருங்கள். டெயில் லேம்பின் ஓரம் உடைந்திருக்கும். பின் டோரின் கொண்டி வளைந்திருக்கும். பாடியின் இடது மூலையில் ஏதோ ஒரு சுவரின் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். இவையெல்லாம் கொண்டை ஊசி வளைவில் வாங்கிய அடி அல்ல. மண்டி வாசலிலும், பச்சைத் தேயிலை எடை போடும் ஷெட்டிலும், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டு முடுக்கிலும் நடக்கிற வேகத்தைவிட மெதுவாக வண்டி பின்னால் நகரும்போது வாங்கியவை.

சின்ன இடிதானே என்று விட்டுவிடுகிறோம். ஒரு டெயில் லேம்பும் பக்கத்து வீட்டு கேட்டும் சேர்ந்தால் அன்றைய வாடகை போய்விடும். பின்னால் இருப்பது சுவராக இல்லாமல் ஒரு குழந்தையாக இருந்தால் அதைச் சின்ன இடி என்று யாரும் சொல்லமாட்டோம். சமவெளியில் பல வருடம் லோடு அடித்த நல்ல டிரைவர்கள்கூட மலைக்கு வந்தால் ரிவர்ஸில் தடுமாறுகிறார்கள். அவர்கள் ஸ்டியரிங் பிடிப்பதில் குறை இல்லை. இங்கே தரை ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் சாய்ந்திருக்கிறது, அதை சீட்டில் உட்கார்ந்தபடி கணிக்க முடியாது.

இறங்காமலே எடுப்பது

பெரும்பாலான தவறு ரிவர்ஸ் கியர் போடுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. டிரைவர் இறங்கவில்லை. மழை, குளிர், பின்னால் ஹாரன் அடிக்கிற டூரிஸ்ட் கார் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் கண்ணாடியில் தெரியாதவைதான் இங்கே அதிகம்: முட்டி உயரத்தில் நிற்கும் எல்லைக்கல், மூடி இல்லாத மழைநீர் வாய்க்கால், வெட்டிய சில்வர் ஓக் மரத்தின் அடிக்கட்டை, புல்லுக்குள் கிடக்கும் தண்ணீர்க் குழாய். இறங்கி வண்டியைச் சுற்றி ஒரு நடை வந்தால் இவை அத்தனையும் கண்ணில் பட்டுவிடும்.

பார்த்தால் மட்டும் போதாது, காலால் மிதித்தும் பார்க்க வேண்டும். ரோட்டின் பள்ளத்துப் பக்க ஓரம் பல இடங்களில் கொட்டி நிரப்பிய மண். அதைக் கீழே ஒரு கல்கட்டு தாங்கிக்கொண்டிருக்கும். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், ஊட்டி பக்கமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி பக்கமும் அந்த மண் ஊறிக் கிடக்கும். மேலே புல் படர்ந்து கெட்டியாகத்தான் தெரியும். ஒன்றரை டன் லோடு ஏற்றிய வண்டியின் பின் சக்கரம் ஏறியதும் அமுங்கிவிடும். வாய்க்கால் மேல் போட்ட சிமென்ட் பலகையும் அப்படித்தான். வீட்டுக்காரர் நடந்து போகப் போட்டது, லோடு வண்டியைத் தாங்கவேண்டும் என்று அதற்குக் கட்டாயமில்லை. இடம் குறைவாக இருந்தால் மேட்டுப் பக்கம் ஒட்டியே வாருங்கள். அங்கே சுவரில் உரசினால் பெயின்ட்தான் போகும், பள்ளத்துப் பக்கம் மண் சரிந்தால் வண்டியே போகும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

தலைக்கு மேலேயும் பாருங்கள். வீட்டுக்கு இழுத்த கரன்ட் ஒயர், கடையின் போர்டு, ஷெட்டின் தகர ஓரம். லோடோடு உள்ளே போகும்போது நான்கு விரல் இடைவெளி இருந்த கூரை, லோடு இறக்கிய பிறகு தார்ப்பாய்க் கம்பியில் மாட்டுவது உண்டு. எடை குறைந்ததும் பின் ஸ்பிரிங் பட்டைகள் நிமிர்ந்து பாடி உயர்ந்துவிடும். அதனால் இறக்கி முடித்த பிறகும் ஒருமுறை பார்க்கவேண்டும்.

தவறான பக்கத்திலிருந்து வருவது

முடிந்தவரை வலது பக்கம் ஒடித்துப் பின்னால் ஏறும்படி வண்டியைக் கொண்டுவாருங்கள். நம் வண்டிகளில் ஸ்டியரிங் வலப்புறம். தலையை வெளியே நீட்டினால் பின் சக்கரம், பாடியின் மூலை, சுவர் மூன்றும் நேராகத் தெரியும். இடது பக்கம் ஒடித்தால் உள்வளைவு முழுவதும் இடது கண்ணாடியை நம்பித்தான். அது குவிந்த கண்ணாடி, பொருளை உண்மையைவிடத் தூரத்தில் காட்டும். பாடியில் முட்டைக்கோஸ் மூட்டை அடுக்கியிருந்தால் நடுக்கண்ணாடியிலும் ஒன்றும் தெரியாது. கொஞ்ச தூரம் மேலே போய் அகலமான இடத்தில் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கமாக வந்தால் ஐந்து நிமிடம் கூடுதலாகும். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுத்துவிடுங்கள்.

இதே இடத்தில் நடக்கும் இன்னொரு தவறு, பின்னால் பார்த்துக்கொண்டே முன்னால் இடிப்பது. வலது பக்கம் ஒடித்துப் பின்னால் போனால் வண்டியின் இடது முன் மூலை வெளியே வீசும். டிரைவருக்கு மிகத் தூரத்தில் இருக்கிற மூலை அதுதான். பக்கத்தில் நிற்கிற ஸ்கூட்டரும் அந்த மூலையில்தான் மாட்டும். பின்னால் இரண்டு தடவை பார்த்தால் முன்னால் ஒரு தடவை பாருங்கள்.

ஏற்றத்தில் காலி வண்டி

காலி பிக்கப்பை ஏற்றத்தில் பின்னோக்கி எடுப்பதை எளிது என்று நினைக்கிறவர்கள் அதிகம். உண்மையில் அதுதான் கடினம். வண்டியின் பின்பக்கம் மேட்டைப் பார்த்து இருப்பதால் எடை முன் சக்கரங்களுக்கு இறங்கிவிடும். எஞ்சின் சுழற்றுவதோ பின் சக்கரங்களை. தரையில் பாசியோ, கேரட் கழுவுகிற இடத்தின் சேறோ இருந்தால் அவை வெறுமனே சுற்றும். டிரைவர் ஆக்சிலரேட்டரை இன்னும் மிதிப்பார். திடீரென்று டயருக்குக் காய்ந்த கான்கிரீட் கிடைத்ததும் வண்டி ஒரே தாவாகப் பின்னால் பாயும், சுவர் வந்துதான் நிறுத்தும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழுந்த காலைகளில் நிழலான இடத்திலும் இதே கதை.

சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் காலை எடுங்கள். கூடுதலாக மிதித்து ஒரு பயனும் இல்லை. டயருக்கு அடியில் மணலோ பழைய சாக்கோ போட்டு, ஸ்டியரிங்கை நேராக்கி, திரும்ப எடுங்கள். பின் அச்சுக்கு மேலே நாலு மூட்டை இருந்தாலே வண்டியின் பிடி வேறு மாதிரி இருக்கும். பாதி கிளட்சில் ஏற்றத்தில் தொங்கிக்கொண்டு இடம் தேடுவதும் வேண்டாம். கருகல் நாற்றம் வருகிறதென்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்துகொண்டிருக்கிறது.

இறக்கத்தில் பின்னோக்கி இறங்கும்போது தவறு வேறு. வேகம் கூடியதும் பயத்தில் கால் தானாகக் கிளட்சுக்குப் போகிறது. கிளட்சை மிதித்தால் எஞ்சின் பிடித்து வைத்திருந்த வண்டியை நாமே அவிழ்த்துவிடுகிறோம். கியரிலேயே விட்டு, பிரேக்கை மெதுவாக வையுங்கள். நிற்கப்போகிற கடைசி நொடியில் மட்டும் கிளட்ச்.

குறுகலான எஸ்டேட் ரோட்டில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால், ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். 2017ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்வதும் இதையே. லோடோடு ஏறி வந்தவரைப் பள்ளத்தைப் பார்த்துப் பின்னால் இறங்கச் சொல்வதைவிட, இறங்குகிறவர் மேட்டைப் பார்த்துப் பின்னால் ஏறுவது பாதுகாப்பு. பிரேக் வைத்த இடத்தில் வண்டி நிற்கும்.

ஐந்து பேர் கை காட்டுவது

மார்க்கெட் பக்கம் ஒரு வண்டி ரிவர்ஸ் எடுத்தால் கடைக்காரர், ஆட்டோக்காரர், டீ குடிக்கிறவர் எல்லாரும் உதவிக்கு வந்துவிடுவார்கள். நல்ல மனசுதான். ஆனால் ஒருவர் "லெஃப்ட் ஒடி" என்பார், இன்னொருவர் "நேர் பண்ணுண்ணா" என்பார், மூன்றாமவர் "வா வா வா" என்று இடிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருப்பார். வண்டியை எடுக்கும் முன்பே ஒருவர்தான் என்று முடிவு செய்யுங்கள். "தம்பி, நீ மட்டும் சொல்லு" என்று சத்தமாகச் சொன்னால் மற்றவர்கள் தாமாகவே அமைதியாகிவிடுவார்கள். பாட்டை நிறுத்துங்கள். கண்ணாடியை முழுக்க இறக்குங்கள், பனியில் வேர்த்த கண்ணாடிக்கு உள்ளேயிருந்து எதுவும் கேட்காது.

கை காட்டுகிறவருக்கு வேலை என்ன என்று சொல்லிக் கொடுக்கவேண்டும். தூரத்தை அடிக் கணக்கில் சொல்லட்டும்: நாலடி, மூணடி, ரெண்டடி, நில்லு. சத்தமான இடத்தில் பாடியில் ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் எடு. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் நிற்கும் இடம். சுவருக்கும் பின் டோருக்கும் நடுவில் யாரும் நிற்கவே கூடாது. பின்னால் சற்றுத் தள்ளி, வலது கண்ணாடியில் முகம் தெரிகிற இடத்தில் நிற்கட்டும். முகம் மறைந்த நொடியில் நீங்கள் நிறுத்தவேண்டும், அவர் நில்லு என்று சொல்லக் காத்திருக்க வேண்டாம். வழுக்குகிற தரையில் கிளீனர் பையன் விழுந்திருந்தால் அவனால் சொல்ல முடியாது. மூடுபனியில் செல்போன் டார்ச்சை இடுப்புயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள், வெளிச்சம் தெரியாமல் போனாலும் இதே விதி.

லைன் வீடுகள் இருக்கிற இடத்தில் ரிவர்ஸ் ஹாரனை நம்பாதீர்கள். அந்தப் பாட்டைக் கேட்டுப் பெரியவர்கள் விலகலாம், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் ஓடி வரலாம். பிள்ளைகளை ஒரு திண்ணையில் உட்காரவைத்து, யாராவது ஒரு அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எடுங்கள்.

கேமரா காட்டாதது

2019 ஜூலை முதல் புதிய கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். பழைய பிக்கப்களிலும் பலர் கேமராவும் சென்சாரும் மாட்டிவிட்டார்கள். மாட்டியது நல்லதுதான். ஆனால் திரையில் வரும் கோடுகள் சமதரைக்காகப் போட்டவை. பின்னால் தரை மேடாக ஏறினால் சுவர் இருக்கிற தூரத்தைவிடத் தள்ளி இருப்பதாகத் திரையில் தெரியும். பம்பர் உயரத்தில் இருக்கிற சென்சாருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூங்கிலோ, தகரக் கூரையோ தெரியாது. லென்ஸில் சேறு தெறித்திருந்தால் ஒன்றுமே தெரியாது.

நிறுத்திவிட்டோம் என்று நினைப்பது

வண்டி நின்ற பிறகு நடக்கிற இடியும் உண்டு. ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். மூட்டை இறங்க இறங்க அந்தச் சக்கரங்களின் மேல் அழுத்தம் குறையும், ஈரச் சரிவில் பிடியும் குறையும். முகம் மேட்டைப் பார்த்து நின்றால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை, மூன்றும் வேண்டும். வண்டி தானாக நகராதபடி செய்துவிட்டே இறங்கவேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவும் சொல்கிறது. கட்டைக்குப் பதில் ரோட்டோரக் கல்லை வைத்தால், கிளம்பும்போது அதை எடுத்து ஓரம் போடுங்கள். பனியில் பைக்கில் வருகிறவருக்கு அந்தக் கல் தெரியாது.

இடித்த பிறகு

முதலில் வண்டியை முன்னால் எடுக்காமல் இறங்கிப் பாருங்கள், எதிலாவது கொக்கி மாட்டியிருந்தால் இழுப்பதில்தான் சேதம் பெரிதாகும். போட்டோ எடுங்கள். இடித்தது காரை, அதன் உரிமையாளர் பக்கத்தில் இல்லை என்றால் பெயரும் நம்பரும் எழுதி வைப்பருக்கு அடியில் வையுங்கள். மற்றவர் பொருளுக்குச் சேதமோ யாருக்காவது காயமோ ஏற்பட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவுப்படி 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்கவேண்டும்.

இன்சூரன்ஸ் இருக்கிறது என்ற தைரியத்தில் இருக்கிறவர்கள் பாலிசியைப் பிரித்துப் பார்ப்பதில்லை. சரக்கு வண்டிகளின் வழக்கமான முழு பாலிசியில் ஐஎம்டி 21 (ஐஎம்டி என்பது இந்திய மோட்டார் டாரிஃப்) என்ற நிபந்தனை இருக்கும். வண்டி முழுச் சேதம் ஆனாலொழிய லேம்ப், டயர், மட்கார்டு, பம்பர், பக்கத் தகடு, பெயின்ட் ஆகியவற்றுக்குப் பணம் கிடையாது என்பது அதன் சாரம். ரிவர்ஸில் உடைவது பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் வருகிறது. கூடுதல் பிரீமியம் கட்டி ஐஎம்டி 23 சேர்த்தால்தான் அவற்றுக்குக் காப்பு. சேர்த்திருந்தாலும் சின்ன கிளெய்ம் போடும் முன் கணக்குப் பாருங்கள்: கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறுகிற தள்ளுபடி, ஒரு கிளெய்மில் பூஜ்யமாகிவிடும். அடுத்த புதுப்பிப்பின்போது ஏஜென்ட்டிடம் 23 சேர்க்க எவ்வளவு ஆகும் என்று கேட்டு, பாலிசித் தாளில் அந்த எண் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.