விழுந்து நொறுங்கிய ஆர்15-ஐ வீட்டிலேயே எழுப்புவது எப்படி? முதல்முறை கைவைப்பவர்களுக்கு

புதுச்சேரி எல்லையில் முள்ளோடை தாண்டி ஒரு வீட்டுக் கொல்லையில், முருங்கை மரத்தடியில் அந்த வண்டி சாய்ந்து கிடந்தது. யமஹா ஆர்15 பைக், இரண்டாவது வெர்ஷன். தானே புயல் அடித்ததற்கு அடுத்த வருஷத்து வண்டி. ஹெட்லைட் இருந்த இடத்தில் ஒயர்கள் தொங்கின. முன்சக்கரம் பின்னால் தள்ளிப்போய் ரேடியேட்டர் மேல் உட்கார்ந்திருந்தது. 22,000 ரூபாய் கொடுத்துக் குட்டியானையில் ஏற்றிக் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் கொண்டுவந்தேன். என் மச்சான் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எடைக்குப் போட்டே வாங்கியிருக்கலாமே மாமா" என்றான்.

ஏழு மாதம் ஆயிற்று. இப்போது ஓடுகிறது. நான் மெக்கானிக் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கை அழுக்காகிறவன். என்ன வரிசையில் செய்ய வேண்டும் என்பதை, பாதியை வரிசை மாற்றிச் செய்துதான் தெரிந்துகொண்டேன்.

வாங்கும் முன் காகிதம்

முதலில் ஆர்.சி. அதிலுள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, பதிவு நடப்பில் இருக்கிறதா, கடன் பாக்கி காட்டுகிறதா என்று பாருங்கள். பதிவு ரத்தான வண்டி பார்ட்ஸுக்குத்தான் ஆகும். அதை எழுப்பி ரோட்டில் விட முடியாது.

என்னுடையது பி.ஒய். 01 வண்டி. புதுச்சேரி வண்டியைக் கடலூரில் வைத்து எவ்வளவு நாள் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தே ஆக வேண்டும். தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28, பெயர் மாற்ற 29, 30. இவற்றில் விற்பவரின் கையெழுத்தைப் பணம் கொடுக்கும் அன்றே வாங்கிவிடுங்கள். நான் "அடுத்த வாரம் வர்றேண்ணே" என்று சொல்லிவிட்டு வந்து, அந்த ஒரு கையெழுத்துக்கு நாலு தடவை முள்ளோடை போனேன்.

வாங்கும் முன் சேஸிஸ்

ஃபேரிங் என்கிற வெளி பிளாஸ்டிக் உறை உடைந்திருப்பதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். அது கண்ணுக்குத் தெரிகிற சேதம், காசு கொடுத்தால் தீர்ந்துவிடும். பார்க்க வேண்டிய இடம், ஹேண்டில் கம்பி சேஸிஸுக்குள் நுழைகிற கழுத்து. ஆர்15-இல் டெல்டாபாக்ஸ் என்கிற இரட்டைத் தண்டு இரும்பு சேஸிஸ். முன்னால் மோதிய அடி முழுக்க அந்தக் கழுத்தில்தான் வந்து நிற்கும். துணியால் துடைத்துவிட்டு விரல் நகத்தால் தடவுங்கள். பெயின்ட் மெல்லிய கோடாக வெடித்திருக்கிறதா? வெல்டிங் ஓரத்தில் மடிப்பு இருக்கிறதா? இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். "கேஸ் வெச்சுச் சூடு பண்ணி நிமித்திடலாம்" என்று யாராவது சொன்னால் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இடமும் கருவியும்

கூரையுள்ள இடம், ரிங் ஸ்பேனர் செட், ஆலன் கீ செட், டி ஸ்பேனர், ரப்பர் சுத்தியல், மல்டிமீட்டர், பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்த ஒரு பேடாக் ஸ்டாண்டு. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று இரவலாவது வாங்குங்கள். அலுமினியத்தில் போகிற 6 எம்.எம். போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் போதும். கைப்பழக்கத்தில் இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் மரை போய்விடும். அப்புறம் லேத்துக்கு அலைய வேண்டியதுதான்.

முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயான ஃபோர்க்கைக் கழற்றும்போது வண்டியின் முன்பக்கம் எதில் நிற்கும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் பழைய ஊஞ்சல் கொக்கி இருந்தது. வண்டி மொத்தம் 136 கிலோ, அதில் பாதியை அது தாங்கும். பாட்டி உட்கார்ந்து ஆடிய கொக்கிதானே! இரட்டைக் கயிறு போட்டுச் சேஸிஸைத் தூக்கிக் கட்டினேன். கொக்கி இல்லாதவர்கள் இன்ஜின் அடியில் மரக்கட்டை அடுக்கலாம். சைலன்சர் குழாய்க்கு அடியில் மட்டும் முட்டுக் கொடுக்காதீர்கள்.

பிரிப்பது

பேட்டரி இணைப்பை முதலில் எடுங்கள். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். போல்ட்டுகளை இட்லித் தட்டுக் குழிகளில் குழிக்கு ஒரு பகுதி என்று போட்டு வைத்தேன். அம்மா அதற்கு என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

தேவனாம்பட்டினத்துக் கடல் எங்களுக்குப் பக்கம். உப்புக்காற்றில் ஒரு வருஷம் கிடந்த வண்டியில் போல்ட்டெல்லாம் துருப்பிடித்துச் சேஸிஸோடு ஒட்டிப்போயிருக்கும். வலுவாகத் திருகினால் தலை மட்டும் கையோடு வரும். ஊடுருவும் எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். கழற்றிய சின்ன போல்ட்டுகளுக்கு அம்மா சொன்ன வைத்தியம்தான்: கெட்டியாகப் புளி கரைத்து ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். காலையில் பழைய பல்துலக்கியால் தேய்த்ததும் துரு கறுப்பாகக் கரைந்து வந்தது. புளியின் அமிலம் செய்கிற வேலை அது. கழுவிய உடனே துடைத்து எண்ணெய் தடவிவிட வேண்டும். நான் முதல் தடவை வெயிலில் காயட்டும் என்று விட்டேன். மதியத்துக்குள் திரும்பச் செம்மண் நிறம் ஏறிவிட்டது.

நேர் பார்ப்பது

நான் செய்த பெரிய தப்பு, இதைக் கடைசிக்குத் தள்ளியது. புது ஹெட்லைட்டும் வைசரும் வாங்கி மாட்டி அழகு பார்த்துவிட்டு, ஹேண்டில் ஏன் இடப்பக்கம் பார்க்கிறது என்று யோசித்தேன். பக்கத்து வீட்டுக் கொத்தனார் எட்டிப் பார்த்து, "சுவரு எழுப்புற முன்னாடி நூல் புடிக்க வேணாமா தம்பி" என்றார். அன்றைக்கே எல்லாவற்றையும் மறுபடி கழற்றினேன்.

ஃபோர்க்கிலிருந்து தொடங்குங்கள். ஃபோர்க் பைப்பை உருவி, தடித்த கண்ணாடிப் பலகை மேல் மெதுவாக உருட்டுங்கள். நேரான பைப் சத்தமில்லாமல் உருளும். வளைந்தது ஒரு சுற்றுக்கு ஒரு தடவை நொண்டும். அடியில் வெளிச்சக் கீற்று வந்து வந்து போகும். நொண்டினால் புதுசு வாங்குவதே நல்லது. குரோம் பூச்சில் உப்பு அரித்த புள்ளிகள் இருந்தாலும் அப்படித்தான். அந்தப் புள்ளி ஆயில் சீலைக் கிழித்துவிடும். சீலை அடித்து இறக்கப் பி.வி.சி. பைப் துண்டே போதும். ஃபோர்க் ஆயில் இரண்டு காலிலும் சொட்டுக்கூட வித்தியாசம் இல்லாமல் சமமாக இருக்க வேண்டும். இருமல் மருந்து மூடியால் அளந்தேன்.

பைப்புகளை மாட்டிய பிறகு, அதே கண்ணாடியை இரண்டு பைப்புக்கும் குறுக்கே முன்பக்கம் சாய்த்து வையுங்கள். நாலு இடத்திலும் படிந்தால் சரி. ஒரு மூலை ஆடினால் ஃபோர்க் முறுக்கிக்கொண்டிருக்கிறது. பல நேரம் அது சும்மா பிடியில் திரும்பியிருக்கும். கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி நேராக்கி இறுக்கினால் போய்விடும். அப்படியும் போகவில்லை என்றால் கீழ் 'டி', அதாவது இரண்டு பைப்பையும் கீழே பிடித்திருக்கும் கிளாம்ப், வளைந்திருக்கிறது. என் வண்டியில் அதுதான்.

அப்புறம் நூல். பருத்தி நூல் கடற்காற்றில் ஆடும், அதனால் தூண்டில் நரம்பு எடுத்துக்கொண்டேன். வண்டியை நிமிர்த்தி, ஹேண்டிலை நேராக வைத்து, பின் டயரின் பின்புறம் நரம்பைச் சுற்றி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரண்டு பக்கமும் முன்னுக்கு இழுங்கள். முன்சக்கரத்தையும் தாண்டி இரண்டு செங்கல்லில் கட்டுங்கள். பின் டயரின் முன்விளிம்பை நரம்பு லேசாக முத்தமிடும் வரை செங்கல்லை நகர்த்துங்கள். பின் டயர் 130, முன் டயர் 90. ஆக முன் டயருக்கு இரண்டு பக்கமும் சுமார் 20 மில்லிமீட்டர் இடைவெளி சமமாக விழ வேண்டும்.

எனக்கு முதலில் இடப்பக்கம் 28, வலப்பக்கம் 12. 'டி' மாற்றியதும் 22, 18. பின் ஆக்சில் செயின் அட்ஜஸ்டரை ஒரு பக்கம் கால் சுற்று திருப்பியதும் இரண்டு பக்கமும் 20. அட்ஜஸ்டரில் போட்டிருக்கும் கோடுகளை மட்டும் நம்பாதீர்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஃபோர்க்கும் 'டி'யும் நேராக இருந்தும் நரம்பு கோணலாகவே விழுந்தால், வளைந்தது சேஸிஸ் அல்லது பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம். அதற்கு மேல் வீட்டு வேலை இல்லை.

ஹேண்டில் திரும்புகிற பேரிங்கான கோன் செட்டையும் இதே கையோடு மாற்றிவிடுங்கள். மோதிய வண்டியில் குண்டுகள் பள்ளம் போட்டிருக்கும். ஹேண்டில் நடுவில் வரும்போது ஏதோ பிடிப்பது போல இருந்தால் அதுதான்.

இன்ஜின்

விழுந்த வண்டியில் இன்ஜின் பெரும்பாலும் தப்பித்திருக்கும். பிளக்கைக் கழற்றி உள்ளே ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் பாதிக் கவலை விட்டது. பழைய ஆயிலை வெள்ளைத் துணி வழியே வடித்தால், உலோகத் துகள் மின்னுகிறதா என்று தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. புகை தள்ளினால் "போர் போட்டுடலாம்" (சிலிண்டரை உள்ளே கடைந்து அகலமாக்குவது) என்பது நம் ஊர்ப் பழக்கம். இந்த வண்டியின் சிலிண்டர் டையாசில் என்கிற சிலிக்கான் கலந்த அலுமினியம். உள்ளே இரும்பு உறை கிடையாது. போர் போட முடியாது, பிளாக்கையே மாற்ற வேண்டும்.

ரேடியேட்டர் நசுங்கியிருந்தால் மாற்றுங்கள். கடைக் கூலன்ட் மட்டும் ஊற்றுங்கள். எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் சோற்றுக்கே உப்பு வேண்டாத தண்ணீர், அது அலுமினியத்தை அரித்துவிடும். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலைக் கொட்டிவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், அடியில் துரு சேர்ந்திருக்கும்.

ஒயரிங்

ஒயர்களை இணைக்கும் ஒவ்வொரு கப்ளரையும் பிரித்துப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ். பேட்டரி முழுச் சார்ஜில் 12.6 வோல்ட், வண்டி ஓடும்போது 13.5-இலிருந்து 14.5-க்குள் காட்ட வேண்டும்.

சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி முனகி நின்றது. செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் எடுக்கவில்லை. பிளக் மாற்றினேன், ஃபியூஸ் மாற்றினேன், தெருமுனை வரை தள்ளி ஓடினேன். மச்சானும் தள்ளினான், திட்டிக்கொண்டே. ராத்திரி பழைய படங்களைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. ஃபியூல் இன்ஜெக்ஷன் (எஃப்.ஐ.) வண்டிகளில் வண்டி சாய்ந்தால் இன்ஜினை நிறுத்துகிற ஒரு சின்னச் சென்சார் இருக்கும். அதை நான் தலைகீழாக மாட்டியிருந்தேன். பாவம், அதைப் பொறுத்தவரை வண்டி அன்று முழுக்கக் கவிழ்ந்தே கிடந்திருக்கிறது. திருப்பி மாட்டியதும் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டது.

பிரேக்

பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் துருவில் இறுகியிருந்தால் கிட் போட்டு மாற்றுங்கள். வண்டியின் பிரேக் ஆயில் டப்பி மூடியில் எழுதியிருக்கும் வகை ஆயில் மட்டும், புது டப்பாவிலிருந்து. அது பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும், பக்கத்தில் ஈரத் துணி வைத்துக்கொள்ளுங்கள். காற்றெல்லாம் வெளியேறி லீவர் கல் மாதிரி நிற்க வேண்டும். இந்த ஒரு வேலையை முடித்ததும் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நான் காட்டினேன், இதில் வெட்கமில்லை. டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். பழசாக இருந்தால் பட்டன் தேயாவிட்டாலும் மாற்றுங்கள்.

ஃபேரிங், பெயின்ட்

உடைந்த துண்டின் உள்பக்கம் பிளாஸ்டிக்கின் பெயர் அடித்திருக்கும். ஏ.பி.எஸ். என்றால் (பிரேக் இல்லை, பிளாஸ்டிக்) அசிட்டோனில் அதே பிளாஸ்டிக் தூளைக் கரைத்துக் கூழாக்கி ஒட்டலாம். பி.பி. என்றால் அது ஒட்டாது, சூடான ஸ்டேப்ளர் கம்பி புதைத்துத்தான் சேர்க்க வேண்டும். பட்டி பார்த்துத் தேய்க்கும் வரை நானே செய்தேன், பெயின்ட்டுக்குக் கடையில் கொடுத்துவிட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் கொடுக்காதீர்கள். ஈரக் காற்றில் பெயின்ட் வெளுத்துப் பால் பூத்துவிடும்.

முதல் ஓட்டம்

இன்சூரன்ஸ் போட்ட பிறகுதான் ரோடு. விடிகாலை 5 மணிக்கு சில்வர் பீச் ரோட்டில் 30-க்கு மேல் போகாமல் ஓட்டினேன். ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கிறதா, பிரேக் பிடித்தால் அதிர்கிறதா, இது இரண்டை மட்டும் கவனித்தேன். வீட்டுக்கு வந்ததும் ஆக்சில், காலிப்பர், ஃபோர்க் கிளாம்ப் போல்ட்டுகளை மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன். 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு தடவை. அதில் காலிப்பர் போல்ட் ஒன்று கால் சுற்று தளர்ந்திருந்தது.