லினக்ஸுக்கு ஆன்டிவைரஸ் வேண்டுமா? கிளாம்ஏவி நிறுவிப் பார்க்கலாம்

வீட்டு லினக்ஸ் கணினியில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் ஆன்டிவைரஸ் தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் விண்டோஸ் வைத்திருப்பவர்களோடு பென்டிரைவிலும் மின்னஞ்சலிலும் கோப்புகளைப் பரிமாறுகிறீர்கள் என்றால் ஒரு ஸ்கேனர் கையில் இருக்கட்டும். கிளாம்ஏவி அப்படியொரு வைரஸ் ஸ்கேனர். உங்களை ஒன்றும் செய்யாத வைரஸ், உங்கள் வழியாக அவர்களிடம் போய்ச் சேரக்கூடாது.

இந்த வழிமுறை உபுண்டு, டெபியன், மின்ட் என்ற மூன்று லினக்ஸ் வகைகளுக்கும் (டிஸ்ட்ரோ) பொருந்தும். கட்டளைகளை டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். முன்னால் வரும் சூடோ, நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது.

படி 1: அப்டேட்

சூடோ ஏப்ட் அப்டேட், பிறகு சூடோ ஏப்ட் அப்கிரேட். ஸ்கேனரைவிட இதுதான் முக்கியம். 2024இல், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்ஸெட் நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்து வைக்கப்பட்ட பின்கதவை (ரகசிய நுழைவழியை) கண்டுபிடித்தது எந்த ஆன்டிவைரஸும் இல்லை. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழையும் வழி) லாகின் வழக்கத்தைவிட மெதுவாக இருக்கிறதே என்று தோண்டிப் பார்த்த ஒரு பொறியாளர்தான் அதைப் பிடித்தார். 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் மாற்றாமல் விட்ட கடவுச்சொற்கள் வழியாகவே நுழைந்தது. அதனால் கடவுச்சொற்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மென்பொருளை டிஸ்ட்ரோவின் களஞ்சியத்திலிருந்தே நிறுவுங்கள்.

படி 2: ஃபயர்வால்

வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்க, சூடோ யுஎஃப்டபிள்யூ எனேபிள். டெபியனில் மட்டும் முதலில் சூடோ ஏப்ட் இன்ஸ்டால் யுஎஃப்டபிள்யூ கொடுக்க வேண்டியிருக்கும். அவ்வளவுதான்.

(பின்சேர்க்கை: எஸ்எஸ்ஹெச் வழியாக வேறொரு கணினியில் இதைச் செய்கிறவர்கள் முதலில் சூடோ யுஎஃப்டபிள்யூ அலவ் எஸ்எஸ்ஹெச் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை உள்ளே போக முடியாது என்று ஒரு வாசகர் நினைவூட்டினார்.)

படி 3: நிறுவுதல்

சூடோ ஏப்ட் இன்ஸ்டால் கிளாம்ஏவி கிளாம்ஏவி-டீமன். டீமன் என்பது பின்னணியில் காத்திருக்கும் நிரல், நாம் கேட்டால்தான் ஸ்கேன் செய்யும். கிளாம்ஏவிக்கு வரைகலை முகப்புகளும் உண்டு. எனக்கு டெர்மினல்தான் பிடிக்கும், பிழைச் செய்தி முழுதாகக் கண்ணில் படும்.

அடுத்து சூடோ ஃபிரெஷ்கிளாம் என்று தட்டினால், லாக் கோப்பைப் பூட்ட முடியவில்லை என்று பிழை வரலாம். பயப்பட வேண்டாம். வைரஸ் பட்டியலைப் புதுப்பிக்கும் சேவை பின்னணியில் ஏற்கெனவே ஓடுகிறது என்றுதான் அர்த்தம். அதை வேலை செய்ய விட்டுவிடுங்கள். பட்டியல் இறங்கி முடியும்வரை டீமன் தொடங்காது. இறங்கிய பிறகு சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் கிளாம்ஏவி-டீமன் கொடுங்கள்.

படி 4: ஸ்கேன்

பல மணி நேரம் என்னைத் தேடவைத்த இடம் இதுதான். ஸ்கேன் செய்ய இரண்டு கட்டளைகள் உண்டு: கிளாம்ஸ்கேன், கிளாம்டிஸ்கேன். கிளாம்ஸ்கேன் ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் நினைவகத்தில் ஏற்றிய பிறகே தொடங்கும். ஒரு சின்னக் கோப்புக்கும் அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். கிளாம்டிஸ்கேன் அப்படியில்லை, ஏற்கெனவே ஓடும் டீமனிடம் வேலையைக் கொடுத்துவிடும். வேகம் பிரமாதம். ஆனால் ஹோம் அடைவை (உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம்) கொடுத்தால் 'பர்மிஷன் டினைட்', அதாவது அனுமதி இல்லை, என்று வரும். டீமன் கிளாம்ஏவி என்ற தனிப் பயனராக ஓடுகிறது. உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் அடைவுகளின் அனுமதி 750, அதாவது மற்ற பயனர்கள் உள்ளே பார்க்க முடியாது. சூடோ போட்டாலும் தீராது, ஏனென்றால் கோப்பைத் திறப்பது நீங்கள் இல்லை, டீமன். தீர்வு --எஃப்டிபாஸ். கோப்பை நீங்களே திறந்து டீமன் கையில் கொடுப்பது போல:

கிளாம்டிஸ்கேன் --எஃப்டிபாஸ் --இன்ஃபெக்டட் ~/டவுன்லோட்ஸ்

(டவுன்லோட்ஸ் என்பதன் முதல் எழுத்து மட்டும் பேரெழுத்து.)

ஹோம் அடைவின் அனுமதியைத் தளர்த்தச் சொல்லும் குறிப்புகளும் இணையத்தில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு ஸ்கேனருக்காக வீட்டுக் கதவைத் திறந்து போடுவதில் பொருளில்லை.

படி 5: சோதனை

ஸ்கேனர் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க ஐகார் சோதனைக் கோப்பு இருக்கிறது. 68 எழுத்துகள்தான், எந்தத் தீங்கும் செய்யாது. அதைப் பிடித்தால் சரி.

ஏதாவது சிக்கினால் உடனே அழிக்காதீர்கள். தவறான எச்சரிக்கையும் வரும், அதனால் தானாகவே அழித்துவிடும் --ரிமூவ் பக்கமே போக வேண்டாம். கோப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டுக் கையால் நீக்குங்கள்.

புதுப்பிப்பு: பழைய மடிக்கணினி மெதுவாகிவிட்டது என்று சிலர் எழுதியிருந்தார்கள். டீமன் மட்டுமே ஒரு ஜிபிக்கு மேல் நினைவகம் எடுக்கும். ராம் குறைவாக இருந்தால் சூடோ சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் --நவ் கிளாம்ஏவி-டீமன் கொடுத்து நிறுத்திவிட்டு, தேவைப்படும்போது மட்டும் கிளாம்ஸ்கேன் ஓட்டுங்கள்.