21 நாள் ஒரே அறையில்: ஹாங்காங் சொல்லித் தந்தது

கொரோனா காலத்தில், ஹாங்காங்கில் 2020 டிசம்பர் 25 முதல், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் குறிப்பிட்ட ஹோட்டல்களில் 21 நாள் தனிமையில் இருக்க வேண்டியிருந்தது, கதவைத் தாண்டி ஓர் அடி வைக்க முடியவில்லை. மறுபடி அப்படி ஒரு நிலை வந்தால், வாடகையைக் கேட்பதற்கு முன்னால் ஜன்னல் திறக்குமா என்று கேளுங்கள், மூன்றாம் நாளே அதன் அருமை தெரிந்துவிடும். சைவம் என்றால் அந்த ஒரு சொல் போதாது; முட்டை, மீன் சாஸ், சிப்பி சாஸ் எதுவும் கூடாது என்று எழுதியே கொடுங்கள். ஊறுகாயும் பருப்புப்பொடியும் கட்டாயம். ரைஸ் குக்கருக்கு அனுமதி உண்டா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போகிறவருக்குப் போனில் ஒரு நன்றி சொல்லுங்கள், அவரும் பயத்தோடுதான் வேலை பார்க்கிறார். அப்புறம், அறையைப் பெருக்க யாரும் உள்ளே வரமாட்டார்கள், அதனால் துண்டு, விரிப்பு, குப்பைப் பை எல்லாம் முதல் நாளே கூடுதலாகக் கேட்டு வாங்கி வையுங்கள்.